ஏழாவது களஞ்சியத்தோட ஏணி

முன்னொரு காலத்துல, நெல்லு எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் தூக்கம் வரும்னு ஒரு ராஜா இருந்தாரு. அவருக்குப் பன்னிரண்டு களஞ்சியம். ஒவ்வொண்ணும் பனைமர உசரம். வருஷா வருஷம் ஏணி வெச்சு ஏறி, உச்சியில மூடியைத் திறந்து, கோடு போட்ட மூங்கிலை உள்ள விட்டு அளந்து பார்த்து, இவ்வளவு நெல்லு இருக்குன்னு முத்திரை வெக்கணும். அதுக்குன்னு ஒரு தணிக்கை மண்டபம். அதுக்குத் தலைவர் பெருங்கணக்கர் ஏகாம்பரம்.

ஒரு நாள் குளிச்சிட்டு வந்த ராஜாவுக்கு ஒரு ஆசை வந்துடுச்சு. பக்கத்து நாட்டு ராஜா எல்லாக் களஞ்சியத்தையும் ஒரே பகல்ல அளந்துட்டாராம். "நமக்கும் வரும் வெள்ளிக்கிழமை ஒரே பகலில் முடிய வேண்டும்!"

பத்து நாள் வேலை அது. ஏகாம்பரம் கொஞ்சம் கூட யோசிக்கல. "உத்தரவு மகாராஜா! அடியேனே ஏறி அளந்துவிடுகிறேன்"னு நெஞ்சுல கை வெச்சுச் சொல்லிட்டாரு. சொல்ல மாட்டாரா பின்ன? ஏறப் போறது அவரா?

ஏறுறது செங்கமலம். தணிக்கை மண்டபத்துல பயிற்சிக்குச் சேர்ந்த பொண்ணு. மூணு வருஷம் பெரியவர் ஏகாம்பரத்துகிட்ட வேலை கத்துக்கணும், அதுக்குள்ள தேர்வு எழுதித் தேறணும், அப்பத்தான் கணக்கர் பட்டம். பயிற்சின்னு பேருதான். பெரியவருக்கு வெத்தலை மடிக்கிறதும் அவதான், அவர் வீட்டு மாட்டுக்குத் தீவனம் வாங்குறதும் அவதான். மிச்ச நேரத்துல களஞ்சியம் ஏறணும். உடம்பெல்லாம் நெல்லுச் சுணை அரிக்க அரிக்க விடியக்காலம் எந்திரிச்சுப் படிப்பா.

தேர்வு வருஷத்துக்கு ஒரு தடவைதான். போகணும்னா பெரியவர் விடுப்பு ஓலையில முத்திரை வெக்கணும். முதல் வருஷம் அவர் பொண்ணுக்குக் கல்யாணம்னு விடல. ரெண்டாவது வருஷம் அவருக்கு இடுப்பு வலின்னு விடல. அவர் இடுப்பு வலிக்கும் இவ தேர்வுக்கும் என்னய்யா சம்பந்தம்? இந்த வருஷமும் போகலைன்னா பேரையே அடிச்சிடுவாங்க. மூணு வருஷ உழைப்பும் வீண். இந்தத் தடவை தேர்வு அதே வெள்ளிக்கிழமை.

ஓலையை எடுத்துக்கிட்டுப் போய் நின்னா.

"வெள்ளிக்கிழமையா? பன்னிரண்டு களஞ்சியம் யாரு ஏறுவா, எங்க மாமனாரா?"

"பதினொண்ணுதான் ஐயா இருக்கு. ஏழாவது களஞ்சியம் மழையில இடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு. ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேனே."

"போன வருஷம் கணக்குல இருந்தது இந்த வருஷம் எங்க போகும்? அதையே எழுது. குத்தம் கண்டுபிடிக்கவா உன்னை வெச்சிருக்கேன்? வந்துட்டா தேர்வுன்னு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் போ."

அடுத்த வருஷம் அவளுக்கு இல்லைன்னு அவருக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும்.

சம்பளத்துக்குக் குடுக்கிற படிநெல்லு வாங்க வந்திருந்த அரண்மனை விகடகவி மயிலப்பன் வாசல்ல நின்னு இதைக் கேட்டுட்டான். அவனைக் கண்டாலே ஏகாம்பரத்துக்கு ஆகாது. ராஜா தன்னைவிட அவன்கிட்டதான் அதிகம் பேசுறாருன்னு வயித்தெரிச்சல்.

மறுநாள் சபையில மயிலப்பன் கும்பிட்டு நின்னான், கையில போன வருஷத் தணிக்கை ஓலை. "மகாராஜா, பெருங்கணக்கரின் திறமையைப் பாராட்ட அனுமதி வேண்டும்." சத்தமா வாசிச்சான். "யாருடைய துணையும் இன்றி யாமே ஏணியில் ஏறி, பன்னிரண்டு களஞ்சியங்களின் மூடியையும் திறந்து, கண்ணால் கண்டு அளந்தோம்." பெரியவரைப் பார்த்தான். "இது தாங்கள் எழுதியதுதானே?"

"வேறு யார் எழுதுவார்? என் முத்திரை இருக்கிறதே!"

"அப்படியானால் பயிற்சிப் பெண் செங்கமலம்?"

"அவளா? கீழே நின்று வெற்றிலை மடிப்பாள்."

"நல்லது. வெள்ளிக்கிழமை அவள் தேர்வுக்குப் போனால் வேலை நிற்குமா?"

அப்பத்தான் ஏகாம்பரத்துக்குச் சுருக்குன்னுச்சு. நிக்கும்னு சொன்னா ஓலை பொய். "நிற்காது"ன்னு முனகினாரு.

"பிறகென்ன, அவளை அனுப்பும்" அப்படின்னாரு ராஜா.

ஆனா பெரியவர் லேசுப்பட்ட ஆளா? "மகாராஜா, களஞ்சியம் ஏறிப் பழகாதவர் தேர்வு எழுதக் கூடாது என்பது சட்டம். இவள் ஏறியதே இல்லை. என் ஓலையே சாட்சி. பேரை இன்றே அடித்துவிடலாம்." கூட இருந்த ஜால்ராக்கள் எல்லாம் "ஆகா, சட்டம் சட்டம்"னு தலையை ஆட்டினாங்க.

சபை ஓரத்துல நின்னு செங்கமலம் கேட்டுக்கிட்டு இருந்தா. அவ ஏறின ஏணியெல்லாம் ஒரு நிமிஷத்துல அவர் ஏறினதாயிடுச்சு. அவ உழைப்பை அவரே எடுத்துக்கிட்டு, நீ உழைக்கவே இல்லைன்னு அவகிட்டயே சொல்றாரு! இதை விட அநியாயம் உண்டா?

மயிலப்பன் மட்டும் அசரல. "சரி, ஏறியவர் யார் என்று பார்த்துவிடலாம். பெரியவரே, ஏழாவது களஞ்சியத்து ஏணிக்கு எத்தனை படி?"

"எல்லாவற்றையும் போல இருபத்திரண்டுதான்!" அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர், செங்கமலம் சொன்னதையும் காதுல போட்டுக்காதவர்.

"ஏறிக் காட்ட முடியுமா?"

"காட்டுகிறேன். காட்டிவிட்டால் மகாராஜா இவனை நாடு கடத்த வேண்டும்!"

"கடத்தட்டும்" அப்படின்னான் மயிலப்பன்.

ராஜா முன்னால போக, ஊரே பின்னால போச்சு. ஆறாவது களஞ்சியம் தாண்டினா ஒரே பூசணிக்கொடி. காய் காயா மண்ணுல கிடக்கு. நடுவுல நாலு காவலாளிங்க ஒரு ஏணியை வெறும் ஆகாசத்துல நிமித்திப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க. மயிலப்பன் காலையிலேயே சொல்லி வெச்சிருந்தான்.

"ஏறுங்கள் ஐயா. உச்சியில் மூடியைத் திறந்து கண்ணால் கண்டதாக எழுதியிருக்கிறீர்களே. எங்களுக்குத்தான் எதுவும் தெரியவில்லை. தாங்கள் பார்த்துச் சொல்லுங்கள்."

ராஜாவுக்கு முகம் சிவந்துடுச்சு. "இரண்டு வருடமாக இதில் நாலாயிரம் கலம் நெல் இருப்பதாக முத்திரை வைத்தீரா?"

"மகாராஜா! இந்தப் பெண்தான்... சின்னப் பெண், கவனிக்காமல் விட்டுவிட்டாள்..."

"நானா?" செங்கமலம் முன்னால வந்தா. "சத்த முந்தி நான் ஏறவே இல்லைன்னீங்க. இப்பத் தப்பு வந்ததும் ஏறினது நானா?"

இடுப்புல இருந்து ரெண்டு ஓலையை எடுத்து ராஜா கையில குடுத்தா. ஏழாவது களஞ்சியம் இடிஞ்சுபோச்சுன்னு ரெண்டு வருஷமும் அவ எழுதினது. ரெண்டையும் கீறி அடிச்சு, 'சென்ற ஆண்டுபடியே'ன்னு பெரியவர் கையாலயே எழுதியிருந்தது.

ராஜா படிச்சாரு. "கணக்கரே, வெள்ளிக்கிழமை நீர் சொன்னபடியே யார் துணையும் இன்றி நீரே ஏறி அளப்பீர். நான் பக்கத்திலேயே இருப்பேன். பெண்ணே, நீ போய்த் தேர்வு எழுது."

வெள்ளிக்கிழமை ராஜா களஞ்சியத்து முன்னால குடை நிழல்ல உட்கார்ந்துட்டாரு. ஏகாம்பரம் ஒரு படி ஏறுவாரு, ரெண்டு தடவை மூச்சு வாங்குவாரு, மூணு தடவை சொறிவாரு. மத்தியானத்துக்கு மேல தேர்வு முடிச்சிட்டு, கையெல்லாம் மையோட செங்கமலம் அந்தப் பக்கம் வந்தா.

ஏணி உச்சியில இருந்து பெரியவர் கத்தினாரு. "அம்மா செங்கமலம்! ஏணி ஆடுதும்மா! கொஞ்சம் வந்து புடி தாயி!"

செங்கமலம் நின்னா. நிமிர்ந்து பார்த்தா.

"மன்னிக்கணும் ஐயா. இன்னிக்கு நான் விடுப்புல இருக்கேன்."

ராஜா சிரிச்ச சிரிப்புல கிரீடம் நழுவி மடியில விழுந்துச்சு. கழுத்துல கிடந்த முத்துமாலையைக் கழட்டி மயிலப்பன் கழுத்துல போட்டாரு. "இனிமேல் தேர்வு நாளுக்கு எவன் முத்திரையும் வேண்டாம்"னு அங்கேயே முரசு அடிக்கச் சொன்னாரு. முரசு ஊரைச் சுத்தி வந்து முடியறப்பவும் ஏகாம்பரம் நாலாவது களஞ்சியத்துல ஒன்பதாவது படியிலதான் இருந்தாரு.