நங்கூரக் கொக்கி

தூத்துக்குடிப் படகுப் பட்டறைக்குச் சாமான் வாங்குகிறவள் ஃபிலோமி. புதுமாதிரிப் படகுக்கு வாங்கிய நங்கூரக் கொக்கிகளின் பளபளப்பே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. வெள்ளோட்டம் அடுத்த வாரம், இருப்புக் கொள்ளவில்லை.

"ஏட்டி, துருவே பிடிக்காத சரக்கு இது! ஒரு வருஷம் கடல்ல போட்டுப் பாரு. அதுவரைக்கும் வாயத் திறக்காத!" என்று விரட்டினார் அவற்றை விற்ற இரும்புக்கடைப் பொன்னுலிங்க அண்ணாச்சி.

ஃபிலோமி ஒரு கொக்கியைக் கருவாடு ஊறும் உப்புத்தொட்டியில் போட்டாள். நாலாம் நாள், கடை நிறையக் கூட்டம் இருக்கும்போது, அதை நீட்டினாள்.

"இது எப்படிச் சரக்கு அண்ணாச்சி?"

துருவைப் பார்த்ததும் அண்ணாச்சி எகிறினார். "எதிர்க்கடையில வாங்கினியா? இதக் கடலுக்கு விக்கிறவன் மனுசனா? ஆளும் படகும் சேர்ந்துல்லா போயிரும்!"

ஃபிலோமி கொக்கியைத் திருப்பினாள். அண்ணாச்சி கடை முத்திரை அழியாமல் இருந்தது.

"இப்ப வாயத் திறக்கலாமா, அண்ணாச்சி?"