காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு பிளீச்

ஜூன் 4, புதன்கிழமை, காலை ஏழு மணி. பயிற்சி முடித்து ஐந்தே நாள் ஆன மூன்று பேர் நடத்தும் ‘பொலிவு அழகு நிலைய’த்துக்குத் தேன்மலர் என்ற மணப்பெண் வந்தாள். முகத்துக்கு பிளீச் போட வேண்டும். மறுநாள் ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம்.

பரிபூரணம், அவள் தங்கை செண்பகவல்லி, பரிபூரணத்தின் கணவர் வையாபுரி ஆகியோரே அந்த மூவர். பயிற்சியில் ஆசிரியை சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர்கள் தவறவிட்டதில்லை.

செண்பகவல்லி நோட்டைப் பிரித்து வாசித்தாள். “முதலில் காதுக்குப் பின்னால் பொட்டளவு தடவி, இருபத்துநாலு மணி நேரம் பார்க்கவும். சிவந்தால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவவும். முகத்தில் போடக் கூடாது.”

வலது காதுக்குப் பின்னால் தடவினார்கள். மூவரும் பார்த்தார்கள்.

ஒன்பது மணிக்குத் தேன்மலர் எழுந்தாள். “அக்கா, வீட்டுல நலங்கு வைக்கணும். போயிட்டு வந்துடறேன்.”

“காதை வச்சிட்டுப் போ,” என்றாள் பரிபூரணம்.

முடியாதென்று தெரிந்ததும் ஆலோசனை நடந்தது.

“நடுவுல கண்ணைச் சிமிட்டலாமா?” என்றார் வையாபுரி.

“நோட்டுல அப்படி இல்லையே, மாமா.”

“அப்ப ஒருத்தர் சிமிட்டுறப்ப இன்னொருத்தர் பாக்கணும்,” என்றாள் பரிபூரணம்.

காது போகிற இடத்துக்கெல்லாம் தாங்களும் போவதென்று முடிவாயிற்று.

நலங்கில் பின்னால் உட்கார்ந்தார்கள். பந்தியில் பின்னால் நின்றார்கள். பெண் வீட்டார் அவர்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து விழுந்து விழுந்து உபசரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவர்களைப் பெண் வீட்டார் என்று நினைத்து, சாம்பாரில் உப்பில்லை என்றார்கள்.

வியாழக்கிழமை காலை ஆறு ஐம்பது. மணமேடை. தாலி முடிச்சுப் போட வந்த மாப்பிள்ளையின் அக்கா, “தள்ளி நில்லுங்கம்மா. நீங்க பொண்ணுக்கு என்ன உறவு?” என்று கேட்டாள்.

“பொண்ணுக்கு ஒண்ணுமில்லைங்க. காதுக்குத்தான்,” என்றாள் பரிபூரணம்.

அப்போது காது சிவந்தது.

“தண்ணி!” என்று அவள் கையை உயர்த்தினாள். மேளக்காரர் உயர்ந்த கையை மட்டும் பார்த்துக் கெட்டிமேளம் கொட்டினார். பதறிப்போன மாப்பிள்ளை தாலியைக் கட்டினார். செண்பகவல்லி கலசத்து நீரைக் காதில் கவிழ்த்தாள். இது எதிர்த்தரப்பு வழக்கம் போலும் என்று இரண்டு வீட்டாரும் அட்சதை போட்டார்கள்.

“மந்திரம் இன்னும் முடியலையே!” என்றார் புரோகிதர். மேளத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

தேன்மலர் எரிகிற காதைத் தொட்டாள். பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “ஏங்க்கா, இதை நேத்தே மூஞ்சில போட்டிருந்தா?”

“எப்படிம்மா போடுவோம்? நோட்டுல கூடாதுன்னு இருக்கே.”

நோட்டின் அடுத்த வரியில் ‘நாலு வாரம் கழித்து மறுபடி சோதிக்கவும்’ என்றிருந்தது. ஜூலை 2, புதன்கிழமை, மூவரும் டவுன் பஸ் பிடித்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வலது காதுதான் ஃபெயில், இடது காது இன்னும் பரீட்சையே எழுதவில்லை என்று தேன்மலரின் மாமியாரிடம் விளக்கிவிட்டு, படுக்கப் பாய் கேட்டார்கள்.