பால் காய்ச்சிய படைவீடு

முன்னொரு காலத்தில், மழை வந்தால் குடியானவன் சிரிப்பான், சிப்பாய் அழுவான் என்றிருந்த ஒரு ராஜ்ஜியம். சிப்பாய் ஏன் அழுவான்? வடக்கு எல்லையில் அவர்கள் தங்கும் படைவீட்டை மூன்று முறை கட்டியாயிற்று. மூன்று முறையும் ஐப்பசி மழையில் கூரை இறங்கிவிட்டது. கடைசித் தடவை பன்னிரண்டு பேருக்குக் கைகால் முறிந்தது. முதலில் கட்டியவர் தளபதி மழவராயரின் சம்பந்தி, அடுத்தது மந்திரியின் மருமகன், பிறகு மறுபடியும் அதே சம்பந்தி. வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ராஜாவுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவருக்குப் புதிதாக ஏதாவது தோன்றும்.

"இனிப் படைக்கு வேண்டிய கட்டடம், மதில், பாலம் எல்லாவற்றையும் தனிச் சாவடி ஒன்று கவனிக்கட்டும். அது தளபதிக்கும் கட்டுப்படாது, மந்திரிக்கும் கட்டுப்படாது. ஏன், எனக்கே கட்டுப்படாது. சிபாரிசுக்கு இணங்கினால் சாவடித் தலைவனின் தலை போகும்" என்றார். அந்தப் பதவியில் அரசவை விகடன் மாசிலானை உட்கார வைத்தார்.

சபையில் இரண்டு பேருக்கு வயிறு எரிந்தது. தளபதியும் மந்திரியும் ராணியின் தம்பி சேந்தனைப் பிடித்தார்கள். அவன் அக்காளைப் பிடித்தான். மறுநாள் சபையில் ராஜா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாசிலா, படைவீட்டு வேலையைச் சேந்தனிடமே கொடுத்துவிடு. இது அரச கட்டளை" என்றார்.

கொடுத்தால் சிபாரிசுக்கு இணங்கிய குற்றம். கொடுக்காவிட்டால் கட்டளையை மீறிய குற்றம். இரண்டுக்கும் தலை போகும். பாவம், மாசிலானுக்கு இருந்ததோ ஒரே தலை. தளபதி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"உத்தரவு மகாராஜா, கொடுத்தேன்" என்றான் மாசிலான். "ஆனால் சாவடியில் எல்லோருக்கும் ஒரே நிபந்தனை. புதுவீடு கட்டினால் பால் காய்ச்சிக் குடிபோவது நம் வழக்கம் அல்லவா? கட்டுகிறவர் பெண்டாட்டி பிள்ளைகளோடு படைவீட்டில் பால் காய்ச்சி, ஐப்பசி கார்த்திகை முழுவதும் அங்கேயே குடியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் சிப்பாய்கள் போவார்கள்."

சேந்தனின் முகம் வெளுத்தது. "அத்தான், எனக்குச் சளித் தொந்தரவு. அந்த வேலை வேண்டாம்."

"தங்கள் கட்டளைப்படி கொடுத்துவிட்டேன் மகாராஜா. அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதில் என் தவறு ஏதுமில்லை" என்றான் மாசிலான்.

ஊரெங்கும் பறை அறைந்தார்கள். ஒன்பது நாள் ஓர் ஆளும் வரவில்லை. பத்தாம் நாள் கொத்தனார் இருளப்பன் மனைவியோடு வந்து நின்றான்.

"எங்க குடிசை கோடை மழைக்கே ஒழுகுதுங்க சாமி. நாங்களே இருக்கப்போற வீட்ட ஏனோதானோன்னு கட்டுவோமா? சுண்ணாம்பு அரைக்கிறது இவதான். இவ சரின்னாத்தான் செவுரு எழும்பும்."

"புள்ளைங்கள படுக்க வைக்கப்போற எடம்யா" என்றாள் அவள்.

படைவீடு எழும்பியது. இருளப்பன் குடும்பம் பால் காய்ச்சிக் குடிபோன ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. ராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லைக்கே போய்ப் பார்த்தார். இருளப்பனின் மனைவி குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தரையில் தூங்கினார்கள். ராஜா குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். ஈரமே இல்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மார்கழியில், முன்பு கைகால் முறிந்த அந்தப் பன்னிரண்டு சிப்பாய்களும்தான் முதலில் குடிபுகுந்தார்கள்.

சபை கூடியது. "மாசிலா, உனக்கு ஒரு மாளிகை பரிசு. சேந்தன் புதிதாகக் கட்டி முடித்தது" என்றார் ராஜா.

"பெரும் பாக்கியம் மகாராஜா. முதலில் தங்கள் மைத்துனர் அதில் பால் காய்ச்சட்டும்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். முத்துமாலையைக் கழற்றி மாசிலானுக்குப் போட்டார். சாவடிக்கு அரசனும் சிபாரிசு சொல்லலாகாது என்று செப்பேட்டில் வெட்டச் சொன்னார். சேந்தன் இருமிக்கொண்டே வெளியே போனான்.