உருகாத வெள்ளை மணல்

முன்னொரு காலத்தில், ஆற்று மணலை அரித்துப் பொன் எடுத்த நாடு ஒன்றில், தனியாகச் சாப்பிடும் அரசர் ஒருவர் இருந்தார். அரசி இறந்தபின் அவருக்கு எதிரே யாருக்கும் இலை போடுவதில்லை. பரிமாறுகிறவர்கள் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போவார்கள். அந்த அமைதி தாங்காமல் அரசியின் முகத்தை வெள்ளியில் செய்யச் சொல்லி எதிரே வைத்துக்கொண்டார். மழைக்காலம் முடிவதற்குள் அது கறுத்துப்போனது. அதைக் கண்ட அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

மறுநாள் சபையில் ஆணை பிறந்தது. “நான் உண்ணும்போது எதிரே ஒரு முகம் இருக்க வேண்டும். அது கறுக்கக் கூடாது. என்னை விட்டுப் போகவும் கூடாது.”

“பொன்னில் செய்யலாமா, அரசே?” என்றார் அமைச்சர்.

“வேண்டாம். காமாலையில் மஞ்சளாகிப்போன அவள் முகம்தான் நினைவுக்கு வரும்.”

பொக்கிஷ அதிகாரி வல்லபேசர் எழுந்தார். அரசர் மனம்விட்டுப் பேசுவது விகடகவி சாத்தையனிடம் மட்டும்தான் என்பது அவருக்கு நெடுநாள் உறுத்தல்.

“அரசே, பொன் அரிக்கும்போது தட்டின் அடியில் வெள்ளை மணல் கொஞ்சம் தங்கும். பொன்னுக்குக் குறையாத கனம். கறுக்காது. புளி பட்டாலும் நிறம் மாறாது. எந்த உலையிலும் உருகாததால் அரிப்பவர்கள் ஆற்றிலேயே எறிந்துவிடுகிறார்கள். அதையும் தம்மால் ஒன்றாக்க முடியும் என்று நேற்று விகடகவி பெருமையடித்தார்.”

சாத்தையன் அப்படிச் சொல்லவே இல்லை. மறுக்க வாயெடுத்தார். அரசரின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு ஓர் ஆசை தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

“பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் விகடகவி நாட்டை விட்டுப் போகட்டும்” என்றார் வல்லபேசர். “பொக்கிஷத்துப் பொன்னில் ஒரு குன்றிமணிகூடக் கொடுக்க இயலாது.”

அரசரும் தலையசைத்தார். “ஆகட்டும்” என்றார் சாத்தையன்.

அவருக்கும் வீட்டில் யாருமில்லை. பொன் அரிப்பவர்களிடம் வெள்ளை மணலைக் கேட்டு வாங்கி வந்து, கொல்லையில் உலை மூட்டி, துருத்தி போட்டு ஊதினார். மணல் வைத்த மண் மூசைதான் வெடித்தது. மணல் மணலாகவே கிடந்தது.

“நீயும் என் ஜாதிதானா? யாரோடும் ஒட்ட மாட்டாயோ?” என்று அதனிடமே கேட்டார். பேச வேறு யார் இருக்கிறார்கள்?

பசித்தது. கடைத்தெருவில் வாங்கிய பொரி உருண்டையைக் கடித்தவர், மீதியை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு பொரிகூட உருகியிருக்கவில்லை. பாகுதான் உருகி எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்திருந்தது.

நேரே அரசரிடம் போனார். “தங்கள் மோதிரம் வேண்டும்.”

“இது அவள் என் விரலில் போட்டது.”

“தெரியும், அரசே. எனக்கு வேறு பொன் யாரும் தர மாட்டார்கள்.”

அரசர் வெகுநேரம் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழற்றிக் கொடுத்தார்.

சாத்தையன் மோதிரத்தை அரத்தால் ராவித் தூளாக்கி, வெள்ளை மணலோடு கலந்து உலையில் வைத்தார். பொன் உருகி மணலின் இடுக்குகளில் ஓடியது. கட்டியைச் சூடு ஆறுவதற்குள் தட்டினார்; மறுபடி காய்ச்சினார்; மறுபடி தட்டினார்.

பௌர்ணமியன்று அரசர் சாப்பிட உட்கார்ந்தபோது, முகமெல்லாம் கரியோடு வந்து சேர்ந்தார் சாத்தையன். ஒரு சின்னக் கிண்ணத்தை அரசர் முன் வைத்தார். எதிரே தானே ஓர் இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“முகம் எங்கே?” என்றார் வல்லபேசர்.

“இதோ.”

“கறுக்காத முகம் என்பதல்லவா ஆணை?”

“நன்றாகப் பாரும். இத்தனை நாள் உலை ஊதிய முகம். இனிமேல் கறுக்க இதில் இடம் எங்கே இருக்கிறது?”

“விட்டுப் போகக் கூடாதே.”

“சோறு போடும் இடத்தை விட்டு நான் எங்கே ஐயா போவேன்?”

“வெள்ளை மணலில் அல்லவா செய்யச் சொன்னது!”

“அரசர் கேட்டது முகம் மட்டும். மணலைச் சேர்த்தது நீர். அதையும் வீணாக்கவில்லை. ஊறுகாய்க் கிண்ணமாக்கிவிட்டேன். நாரத்தங்காய் வருஷக்கணக்கில் ஊறினாலும் இது அசையாது.”

அரசர் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். கனத்தது. “உருகியதா?”

“இல்லை, அரசே. அதற்கு உருகத் தெரியாது. அரசியார் போட்ட மோதிரம்தான் உருகி அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொரி உருண்டையில் பாகு மாதிரி.”

மோதிரம் இருந்த விரலால் அரசர் கிண்ணத்தின் விளிம்பைத் தடவினார். சாத்தையன் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

“அரசே, முகத்துக்குப் பசிக்கிறது.”

அரசர் நிமிர்ந்து அந்தக் கரி முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சாத்தையனுக்குப் போட்டார். இனி எந்நாளும் எதிர் இலை விகடகவிக்கு என்று ஆணையிட்டார்.

அன்று இருவரும் இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஊற்றியவர் வல்லபேசர்.