ஒரு வட்டில் அழுகை

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டை, கோதண்டவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. குடிகள் பசியில்லாமல், சண்டையில்லாமல் இருக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டவர்தான். ஆனால் எதைக் கண்டாலும் அதற்கு ஒரு சட்டம் போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதுதான் அவருக்கு வியாதி. முதல் மந்திரியான பிரதானி அனந்தராயர் அந்த வியாதிக்கு மருந்து கொடுக்காமல் தீனி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்டில் பிள்ளை பிறந்தால் அரண்மனை சொல்லும் பெயரைத்தான் வைக்க வேண்டும். வளர்ந்தால் அரண்மனை சொல்லும் தொழில். எந்தத் தெருவில் குடியிருப்பது, எந்த வயதில் கல்யாணம், கல்யாணத்தில் எத்தனை பேர் சாப்பிடலாம், கிழவனானால் எந்த மரத்தடியில் உட்காரலாம், எல்லாவற்றுக்கும் சட்டம் இருந்தது. "எல்லாம் உங்கள் நன்மைக்கே" என்று ஒவ்வொரு சட்டத்தின் கடைசியிலும் பறையறைந்து சொல்வார்கள். நல்லவேளை, நாம் அப்படிப்பட்ட நாட்டில் பிறக்கவில்லை என்று நீங்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது. விட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சபையில் விகடம் சொல்லிப் பிழைத்தவன் ஆவுடையப்பன். அவன் பிழைப்பிலும் சட்டம் கை வைத்தது. ஒருநாள் அவன் சொன்ன விகடத்துக்குச் சபை சிரித்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆகி, ராஜ காரியம் தடைபட்டுப் போயிற்று. அன்றைக்கே, சேகண்டி தட்டினால்தான் சபையில் சிரிக்கலாம் என்று உத்தரவு பிறந்தது. முன்கூட்டிச் சிரித்தால் நாடு கடத்தல். "மகாராஜாவாகிய நானும் இதற்குக் கட்டுப்பட்டவன்" என்று ராஜா தாமே ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அதற்குப் பிறகு ஆவுடையப்பன் விகடம் சொல்வான். சபை கல் மாதிரி நிற்கும். சேகண்டிக்காரர் 'டங்' என்று தட்டுவார். எல்லாரும் 'ஹஹ்ஹா' என்பார்கள். மறுபடி 'டங்' என்றால் வாயை மூடிக்கொள்வார்கள். இதற்கா விகடம் என்று இருக்கும் அவனுக்கு. ஆனாலும் சம்பளம் வருகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். தன் வீட்டு வாசலுக்குச் சட்டம் வரும்வரை எல்லாரும் அப்படித்தானே இருக்கிறோம்?

அது வந்தது. அவன் தங்கை உலகம்மையின் புருஷன் சுடலைமுத்து கிணறு வெட்டுகிறவன். நான்கு நாள் காய்ச்சலில் கண்ணை மூடிவிட்டான். எழவு வீட்டுக்கு அரண்மனைச் சேவகன் நாழிகை வட்டிலோடு வந்து உட்கார்ந்தான். வட்டில் என்பது அடியில் சின்ன ஓட்டை போட்ட செப்புக் கிண்ணம். தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டால் மெல்ல மெல்ல நிறைந்து மூழ்கும். அது மூழ்கும்வரை அழலாம். மூழ்கிய பிறகு அழுதால் குற்றம். அழுதுகொண்டே இருந்தால் மறுநாள் வேலை கெடும் அல்லவா? எல்லாம் நன்மைக்கே.

வட்டில் மூழ்கியது. மாரடித்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நிறுத்தி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். உலகம்மையால் மட்டும் நிறுத்த முடியவில்லை. சேவகன் அவளைச் சிறைக்குக் கொண்டுபோனான். இரண்டு நாளில் அவளை நாட்டின் எல்லையான ஆற்றுக்கு அக்கரையில் விட்டுவிட வேண்டும், திரும்பி வந்தால் தலை போகும் என்று தீர்ப்பு. புருஷனுக்குக் கருமாதி செய்யக்கூட அவள் ஊரில் இருக்க மாட்டாள்.

ஆவுடையப்பன் அரண்மனைக்கு ஓடினான். ராஜாவின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"மகாராஜா, அவள் வேண்டுமென்று செய்யவில்லை. தயவு செய்ய வேண்டும்."

ராஜா கோபப்படவில்லை. பரிதாபமாகப் பார்த்தார். அந்தப் பரிதாபம்தான் ஆவுடையப்பனுக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

"ஆவுடையப்பா, ஒன்று தெரிந்துகொள். அடங்க முடியாதது என்று மனிதரிடம் எதுவும் கிடையாது. அடங்க மனமில்லாதவர்கள்தான் உண்டு. மற்றப் பெண்கள் நிறுத்தினார்களே? உன் தங்கைக்கு மனமில்லை. அவ்வளவுதான்."

"மனமிருந்தும் முடியாமல் போகலாம், மகாராஜா."

"அப்படி ஒருவரை எனக்குக் காட்டு. சட்டத்தை உயிராக மதிப்பவர், அடங்க வேண்டும் என்று முழு மனதோடு முயன்றும் அடங்க முடியாமல் போவதை என் கண்ணால் பார்த்தால் உன் தங்கையை விட்டுவிடுகிறேன். நாளைச் சபை கலைவதற்குள் காட்டு."

அனந்தராயர் தொண்டையைச் செருமினார். ராஜாவுக்கு விகடகவி மேல் உள்ள பிரியம் அவருக்கு வெகுநாளாகவே கண்ணில் விழுந்த தூசி.

"மகாராஜா, ஒரு சிறு திருத்தம். அதைக் காட்டும்போது இவரும் எந்தச் சட்டத்தையும் மீறக்கூடாது. அடியேன் இயற்றிய சபைச் சட்டங்கள் உட்பட. ஒன்றை மீறினாலும் தங்கையோடு இவரும் அக்கரைக்குப் போகட்டும்."

"நியாயம்தான்" என்றார் ராஜா.

அனந்தராயர் போட்ட சபைச் சட்டங்களைக் கேட்டால் சபைக்குப் போகவே யாருக்கும் தோன்றாது. எல்லாரும் மார்பில் கை கட்டி நிற்க வேண்டும். ராஜா உத்தரவில்லாமல் கையை எடுத்தால் ஆயுதம் எடுத்ததற்குச் சமம், நாடு கடத்தல்தான். முறையிட வருகிறவன் தன் கையால் சந்தனம் அரைத்துவந்து பிரதானியின் நெற்றி நிறையப் பூசி மரியாதை செய்ய வேண்டும். பிறகு ராஜாவின் விருதுப் பெயர்களை ஒன்றுவிடாமல் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். அவன் சொல்லி முடிக்கும்வரை வேறு எவரும் வாய் திறக்கக் கூடாது. இத்தனையையும் தாண்டி முறையிட எவனுக்குத் தெம்பு இருக்கும்? அதற்குத்தான் அந்தச் சட்டங்கள்.

அன்று மாலை அவன் சிறைக்குப் போனான். உலகம்மை சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"ஏன் தாயி, வாயைப் பொத்திக்கிட்டிருக்கே?"

"காவக்காரன் கேட்டா இன்னொரு குத்தம்னு எழுதிருவானாம்ணே." அவள் கிசுகிசுத்தாள். "நான் நிறுத்தத்தான் பாத்தேன். சத்தியமா நிறுத்தத்தான் பாத்தேன். உதட்டக் கடிச்சேன், தொடையக் கிள்ளிக்கிட்டேன். அடக்க அடக்க உள்ளேருந்து பொங்கிப் பொங்கி வருது. நான் என்ன செய்ய?"

ஆவுடையப்பன் தங்கையின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தான். வழியெல்லாம் அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு நடந்தவன், நடுத்தெருவில் சட்டென்று நின்றான். பிறகு நேரே தேன் விற்கிறவன் கடைக்குப் போனான்.

மறுநாள் சபை கூடியது. மாம்பழக் காலம். அரண்மனை மடைப்பள்ளி முற்றத்தில் பழக்கூடைகள் குவிந்து கிடந்தன. ஆவுடையப்பன் சந்தனக் கிண்ணத்தோடு வந்தான். வாசலில் சேவகர்கள் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார்கள். அசல் சந்தனம். சொந்தக் கையால் அரைத்தது. தண்ணீருக்குப் பதில் தேன் விட்டு அரைக்கக் கூடாது என்று அனந்தராயருக்குச் சட்டம் போடத் தோன்றியிருக்கவில்லை.

"அடேயப்பா, என்ன பளபளப்பு! தாராளமாகப் பூசும்" என்று நெற்றியை நீட்டினார் பிரதானி. விகடகவியைக் குனியவைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. ஆவுடையப்பன் தாராளமாகவே பூசினான். நெற்றி முழுக்கப் பூசி, மூக்குத் தண்டிலும் ஒரு கோடு இழுத்தான்.

பிறகு ராஜாவுக்கு எதிரே நின்று, கை கட்டி, விருதுப் பெயர்களைத் தொடங்கினான்.

"எட்டுத் திக்கும் புகழ் மணக்கும் மகாராஜாதிராஜ..."

முதல் ஈ வந்தது. சபையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பிரதானியின் நெற்றியில் இறங்கியது. அனந்தராயர் புருவத்தை மேலே தூக்கினார். ஈ நகரவில்லை.

"மாற்றாரின் கோட்டைகளை முற்றுகையிட்டுப் பிடித்த மகாவீர..."

இன்னும் நாலைந்து ஈக்கள் வந்து உட்கார்ந்தன. அனந்தராயருக்குக் கட்டிய கை துடித்தது. கையை எடுத்தால் நாடு கடத்தல். வாயைத் திறந்து உத்தரவு கேட்கலாம் என்றால், முறையிடுகிறவன் முடிக்கும்வரை பேசக்கூடாது. எல்லாம் அவர் எழுதியதுதான். கீழ் உதட்டை நீட்டி 'ப்பூ' என்று மூக்கை நோக்கி ஊதினார். ஈக்கள் எழுந்து, ஒரு வட்டம் அடித்து, உறவுக்காரர்களையும் அழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தன.

ஆவுடையப்பன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. விருதுகள் தீர்வதற்குள் நினைத்தது நடக்க வேண்டும். நடக்காவிட்டால் மாலையில் தங்கையும் அவனும் ஆற்றங்கரையில் நிற்பார்கள்.

"படையெடுத்து வந்தோரை ஒரே மூச்சில் விரட்டிய பராக்கிரம..."

'ப்பூ' என்றார் அனந்தராயர். ஒரு ஈ மூக்கு நுனிக்கு வந்து முன்னங்கால்களைத் தேய்த்துக்கொண்டது. அவர் இரண்டு கண்ணாலும் அதையே முறைக்க, கருவிழிகள் நடுவில் வந்து ஒட்டிக்கொண்டன. மீசை வலது பக்கம் போயிற்று, இடது பக்கம் போயிற்று. காது தனியாக ஆடியது. காதை ஆட்டக்கூடிய மனிதர் என்பது அன்றுவரை அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. சிரித்தால் போச்சு என்று சேனாபதி கூரையைப் பார்த்தார். ராஜா சிங்காதனத்தில் விறைத்து உட்கார்ந்திருந்தார். உதட்டைக் கடித்தார். தொடையைக் கிள்ளிக்கொண்டார். போன வருஷம் செத்துப்போன பட்டத்து யானையை நினைத்துப் பார்த்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது.

இன்னும் ஒரே ஒரு விருது மிச்சமிருந்தது. ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்.

"எவரும் கிட்ட நெருங்க அஞ்சும் தேஜோமய..."

மூக்கு நுனியிலிருந்த ஈ மெதுவாக நடந்து பிரதானியின் மூக்குத் துவாரத்துக்குள் போயிற்று.

ராஜா வெடித்தார். அது சபைச் சிரிப்பு இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கிரீடம் சரிய, கண்ணில் தண்ணீர் கொட்ட, மூச்சுத் திணறிச் சிரித்தார். சேகண்டிக்காரர் கோலை ஓங்கியபடி சிலையாக நின்றார். தட்டவில்லை. வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. அந்தப் பெரிய மண்டபத்தில் ராஜா ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது கேட்கவே பயமாக இருந்தது.

சிரிப்பு நின்றதும் ராஜா சுற்றிலும் பார்த்தார். அவர் முகம் மெல்ல வெளுத்தது.

"மகாராஜா," என்றான் ஆவுடையப்பன் தாழ்ந்த குரலில், "தாங்கள் ஏன் அடக்கவில்லை?"

"அடக்கத்தானப்பா பார்த்தேன். உதட்டைக் கடித்தேன், தொடையைக் கிள்ளிக்கொண்டேன். முடியவில்லை."

"என் தங்கையும் இதே வார்த்தையைத்தான் சொன்னாள், மகாராஜா."

ராஜா சரிந்த கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அனந்தராயர் முண்டியடித்துக்கொண்டு பேசினார். "மகாராஜா! இது சூழ்ச்சி! சட்டம் குடிகளுக்குத்தான். தங்களை யார் நாடு கடத்த முடியும்?"

"என் வாயால் நானும் கட்டுப்பட்டவன் என்று சொன்னேன், அனந்தராயரே. நான் அக்கரைக்குப் போக வேண்டும், அல்லது அந்தப் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். எது உமக்குச் சம்மதம்?" என்று கேட்ட ராஜா, பிரதானியின் முகத்தைப் பார்த்தார். ஈக்கள் இன்னும் அங்கேதான் இருந்தன. மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை அவர் அடக்கவில்லை. "சிரியுங்களப்பா, சிரித்துத் தொலையுங்கள்!" என்று கையை வீசினார். சபை முழுதும் குலுங்கியது. எத்தனையோ வருஷத்துச் சிரிப்பு அது. சேகண்டிக்காரர் கோலைக் கீழே போட்டுவிட்டுத் தூணில் சாய்ந்து சிரித்தார்.

அழுகைச் சட்டமும் சிரிப்புச் சட்டமும் அந்த இடத்திலேயே ஒழிந்தன. மற்றச் சட்டங்கள் ஒவ்வொன்றும் ஆவுடையப்பன் முன்னால் மறு விசாரணைக்கு வர வேண்டும் என்று உத்தரவாயிற்று. ராஜா தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். அப்போது உலகம்மையைச் சிறையிலிருந்து அழைத்து வந்தார்கள். எல்லாரும் சிரிப்பதைக் கண்டு அவள் மிரண்டுபோய் நின்றாள்.

ராஜா சிங்காதனத்திலிருந்து இறங்கி வந்தார். "அம்மா, உனக்குச் செய்தது தவறு. என்ன வேண்டுமோ கேள். நிலமா, பொன்னா, எதுவானாலும் தருகிறேன்."

உலகம்மை அண்ணனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"ஒண்ணும் வேண்டாம் சாமி," என்றாள். "வீட்டுக்குப் போகணும். நான் இன்னும் அழுது முடிக்கல."