சிசிலியில் சைக்கிள் ஓட்ட எந்த மாசம் நல்லது

வெனான்ஸ் அண்ணன் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். மொத்தம் பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதத்தில் அவர் போய்வந்த நாடுகளைக் கூட்டிப் பார்த்தால் உலகத்தில் இருப்பதைவிட ஆறேழு கூடுதலாக வரும். தூத்துக்குடி பீச் ரோட்டில் சனிக்கிழமை காலையில் சைக்கிள் ஓட்டுகிற எங்கள் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஓட்டும்போது கடைசியாக வருவார். பாதி வழியில் திரும்பி, டீக்கடைக்கு முதல் ஆளாகப் போய், பெஞ்சின் நடுவில் உட்கார்ந்துவிடுவார்.

அவர் பேச்சைக் கேட்க எங்களிடம் ஒரு முறை உண்டு. ஏலம் விடுவோம். மீன் ஏலத்தில் கேள்வி ஏறும், எங்கள் ஏலத்தில் இறங்கும். அண்ணன் ஓர் அளவு சொல்வார். சைக்கிள் கடை சுடலைமணி அதைக் குறைத்துக் கேட்பான். அண்ணன் கொஞ்சம் இறங்குவார், இவன் இன்னும் குறைப்பான். ரெண்டு பேரும் ஒத்துப்போகிற இடத்தில் பெஞ்சில் ஒரு தட்டு. தட்டிவிட்டால் அதுதான் உண்மை, அப்புறம் யாரும் கிளறக் கூடாது. போன மாதம் அவர் ஒற்றைக் கையால் பிடித்த முந்நூறு கிலோ சுறா இப்படித்தான் ஒரு கை நெத்திலியில் வந்து நின்றது. அண்ணனுக்கு அதில் வருத்தமே இல்லை. "நெத்திலி இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டீங்கல்லா, அது போதும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை டெல்பின் அக்கா கையில் ஒரு தாளோடு வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருஷமாக ரெண்டு நாள் சேர்ந்தாற்போல லீவு எடுத்ததில்லை. இந்த வருஷம் பன்னிரண்டு நாள் தருகிறார்களாம். எந்த மாசம் வேண்டும் என்று அன்றைக்கு மதியம் பன்னிரண்டு மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் கொடுத்ததுதான், மாற்ற முடியாது. அவளோடு படித்த ஜோஸ்லின் சிசிலித் தீவில் வேலை பார்க்கிறாள். "வா, சைக்கிள் எடுத்துத் தாரேன், தீவைச் சுத்திப் பாரு" என்று கூப்பிட்டிருக்கிறாள். மணி அப்போதே பதினொன்று. தாளில் மாசம் எழுதுகிற கட்டம் மட்டும் காலி.

"அந்தப் பிள்ளையையே கேக்க வேண்டியதுதானே, எந்த மாசம் நல்லதுன்னு?" என்றான் சுடலைமணி.

"கேட்டேன். அவளுக்கு எல்லா மாசமும் டூட்டி. வெளிய வெயிலா மழையான்னு அவ என்கிட்ட கேக்கா."

"போன்ல பாரு."

"பாத்தேன். ஒருத்தன் ஏப்ரல்ங்கான், ஒருத்தன் அக்டோபர்ங்கான். ரெண்டு பேரும் அங்க லாட்ஜ் வச்சிருக்காங்க."

வெனான்ஸ் அண்ணன் டீ கிளாசைக் கீழே வைத்தார். அவர் பாதி டீயில் கிளாசை வைத்தால் விஷயம் பெரிசு.

"சிசிலியா? அங்க ஒரு வருஷம் இருந்திருக்கேன்லா. கப்பல்ல இன்ஜின் போயிட்டு. சாமான் வந்து சேர ஒரு வருஷம் ஆச்சு. நாலு காலமும் சைக்கிள்லதான் சுத்தினேன்."

"நீங்க கப்பல்ல இருந்ததே பதினோரு மாசம், அண்ணே" என்றான் சுடலைமணி.

"அங்க வருஷம் கொஞ்சம் சின்னதுவே."

சுடலைமணி பெஞ்சில் கையை வைத்துவிட்டான், ஏலத்துக்கு. டெல்பின் அக்கா அவன் கையைத் தள்ளிவிட்டாள். "இப்ப ஏலம் வேண்டாம், நேரம் இல்ல. அண்ணே, நீங்க சொல்லுங்க. கோடை எப்படி?"

"கோடைதாம்மா நல்லது. ஜூலை, ஆகஸ்ட். வெயில்னா நம்ம ஊரு வெயில் கிடையாது. அங்க எத்னான்னு ஒரு எரிமலை உண்டு. ஆகஸ்ட் மாசம் அதுவே சூடு தாங்காம நிழல் தேடி நகந்து உக்காரும். காலைல பிசைஞ்ச மாவைக் கேரியர்ல கட்டிட்டுக் கிளம்பினா, அடுத்த ஊரு வாரதுக்குள்ள பன்னு. ரெண்டு கிலோமீட்டர் கூடப் போயிட்டா ரஸ்க். ஒரு நாளு ரெண்டு டயர்லயும் காத்து சூடாகி உப்பிட்டு. உப்பி உப்பி, சைக்கிள் தரையை விட்டுக் கிளம்பிட்டு பாத்துக்கோ. முப்பது அடி ஒசரம்! கீழ ரோட்டுல போறவன்லாம் என் செருப்பைத்தான் பாக்கான்."

"டியூப் வெடிச்சிருக்குமே?" சைக்கிள் கடைக்காரனுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"வெடிக்கது நீ விக்கிற டியூப்பு."

"காத்தை இறக்கிவிட வேண்டியதுதானே?"

"இறக்கினேன். பின்டயர்ல வால்வைத் திறந்துவிட்டேன். அது பின்னால சீறுச்சு, நான் முன்னால போனேன். நாப்பது கிலோமீட்டர், ஒரு மிதி மிதிக்கல. எந்த மேட்டுக்கும் இறங்கித் தள்ள வேண்டாம். அதான் சொல்லுதேன், கோடைதான்."

டெல்பின் அக்கா பேனாவைத் திறந்தாள். ஆகஸ்ட் என்று எழுதக் கை வைத்தவள், "குளிர் காலம் எப்படி?" என்று கேட்டுத் தொலைத்தாள்.

"அது இதைவிட நல்லதுல்லா! ஜனவரி. வாடைக் காத்து வந்து முகத்துல அறையும். ஒரு நாளு காலைல ஏழு மணிக்கு ஏறி உக்காந்து மிதிக்கேன் மிதிக்கேன், ஒரு மணி வரைக்கும் மிதிச்சும் ஒரு அடி நகரல. அதே புளியமரம்."

"சிசிலில ஏது புளியமரம்?"

"புளியமரம் மாதிரி ஒண்ணு. சும்மா இருவே. நான் நகரல. ஆனா மிதிச்ச மிதிக்கு ரோடு பின்னால போயிட்டு. பாயைச் சுருட்டுத மாதிரி பின்சக்கரத்துக்கு அடியில சுருண்டுக்கிட்டே போகு. கடைசில நான் போக வேண்டிய ஊரு என்கிட்ட வந்துட்டு! கோயிலு, சந்தை, முடி வெட்டுத கடை. நாற்காலில ஒரு ஆளு பாதி மீசையோட உக்காந்திருக்கான், 'யாருப்பா எங்களை இங்க கொண்டாந்தது'ன்னு கேக்கான். முனிசிபாலிட்டில இருந்து ஆளு வந்து, சுருட்டுன ரோட்டை விரிச்சுக் குடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டான். சாயந்திரம் வரைக்கும் பின்னால மிதிச்சு விரிச்சேன்."

"சுருக்கம் இல்லாம விரிச்சீங்களா?" என்றான் சுடலைமணி.

"ஒரு இடத்துல சரியா வரல. இப்பவும் வேகத்தடைன்னு சொல்லிச் சமாளிக்காங்க."

பெஞ்சின் ஓரத்தில் இருந்த எனக்கே டீ மூக்கில் ஏறிவிட்டது. டெல்பின் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பதினொன்று இருபது.

"பூப் பூக்கிற காலம்?"

"மார்ச், ஏப்ரல். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. மண்ணுல எதைத் தொட்டாலும் துளிர் விடும். நான் முன்னால பிரம்புக் கூடை ஒண்ணு கட்டியிருந்தேன். திங்கக்கிழமை கூடைல ஒரு இலை. புதன்கிழமை கிளை. வெள்ளிக்கிழமை என் சைக்கிள்லயே நிழல்! வெயிலே படாம போறேன், அண்ணாந்தா வாதாங்கொட்டை, பறிச்சுத் தின்னுட்டே போறேன். பின்னால நூத்து நாப்பது ஆடு, இலைக்காக வருது. கிளைல குருவி கூடு கட்டி முட்டை இட்டுட்டு. பிரேக் பிடிச்சா முட்டை விழுந்துரும்னு பதினாறு நாளு நிக்காம ஓட்டினேன், குஞ்சு பொரிக்கது வரைக்கும்."

"தூக்கம்?"

"குருவிதான் பெல் அடிச்சு எழுப்பும்."

"சரி, மழைக் காலம்? அக்டோபர், நவம்பர்?" டெல்பின் அக்காவின் குரலில் இப்போது வார்டில் ஊசி போடப் போகிற தோரணை வந்திருந்தது.

"அதை ஏன் முதல்லயே கேக்கல? அதுதான் ராஜா! ஒலிவம்பழம் ஆட்டுத காலம். செக்குல இருந்து எண்ணெய் வழிஞ்சு ரோடு முழுக்க ஓடும். நான் எத்னா மலை உச்சில நிக்கேன். ஒரு தும்மல்தான் போட்டேன். சைக்கிள் வழுக்கிட்டு. மலையில இருந்து ஊருக்குள்ள, ஊருக்குள்ள இருந்து கடலுக்குள்ள, கடலுக்கு அடியிலயே போயி ஆப்பிரிக்கால ஏறிட்டேன். அங்க ஒரு மணல்மேட்டுல ஏறி, அதே வேகத்துல திரும்பி, கடல், ஊரு, மலை எல்லாம் தாண்டி நேரா எரிமலை வாய்க்குள்ள! உள்ள பாத்தா சரியான கங்கு. சமையல்காரனாச்சே, விடுவேனா? பையில இருந்த நாலு மீனைச் சுட்டேன். அந்த வாசனைக்கு எரிமலைக்கு ஏப்பம் வந்துட்டு. ஒரே ஏப்பம், நான் கப்பல் அடுக்களைல வந்து நிக்கேன். உலைல அரிசி அப்பத்தான் கொதிக்கு."

"மீனு?" என்றான் சுடலைமணி.

"கைல."

டெல்பின் அக்கா பேனாவை மூடினாள். மணி பதினொன்று முப்பத்தெட்டு.

"அண்ணே, ஆறு வருஷம். நான் சைக்கிள் மிதிச்சதெல்லாம் வீட்டுக்கும் வார்டுக்கும்தான். தப்பான மாசத்தை எழுதிட்டேன்னா பன்னெண்டு நாளும் ஜோஸ்லின் வீட்டு ஜன்னல்ல உக்காந்து மழையைப் பாத்துட்டுத் திரும்பணும். நீங்க நாலு காலத்தையும் நல்லதுங்கீங்க. கட்டம் ஒண்ணுதான் இருக்கு." அவள் பெஞ்சில் கையை வைத்தாள். "ஏலம். நான் கேக்கேன். எவ்வளவு நாள் அங்க இருந்தீங்க?"

சுடலைமணி மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தான்.

"ஒரு வருஷம்" என்றார் அண்ணன்.

"ஆறு மாசம்."

"பத்து."

"ஒரு மாசம்."

"எம்மா, சுடலைகூட இப்படி வெட்ட மாட்டான். நாலு மாசம்."

"ஒரு வாரம்."

அண்ணன் ஒத்தாசைக்கு எங்களைப் பார்த்தார். சுடலைமணி டீ கிளாசுக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"பத்து நாள்."

"ஒரு நாள்" என்றாள் டெல்பின் அக்கா. தட்டுவதற்குக் கையைத் தூக்கினாள்.

"தட்டாத" என்றார் அண்ணன். கழுத்தைத் துண்டால் துடைத்தார். "ஒரு நாளும் கிடையாதும்மா. மூணு மணி நேரம்."

கேட்டதற்கும் கீழே அவராகவே இறங்கியதை நாங்கள் பார்த்ததில்லை.

"கப்பல்ல வெங்காயம் தீந்துட்டு. துறைமுகத்துல இறங்கி ஒரு ரொட்டிக் கடைக்காரன்கிட்ட சைக்கிளை இரவல் வாங்கிட்டுப் போனேன். மே மாசம், பத்தொம்பதாம் தேதி. வெயில் இருந்துச்சு, ஆனா உறைக்கல. காத்து லேசா முதுகுல தொட்டுச்சு. ரோட்டோரம் மஞ்சப் பூ. ஒரு மேடு வந்துச்சு, இறங்கித்தான் தள்ளினேன். மேல போயி நின்னா ரெண்டு பக்கமும் கடல். கொஞ்ச நேரம் நின்னேன். வேர்க்கக்கூட இல்ல. அப்புறம் கப்பல்ல சங்கு ஊதிட்டான், வந்துட்டேன். அவ்வளவுதான்."

"இதை ஏன் அண்ணே இத்தனை வருஷமா சொல்லல?" என்று நான் கேட்டேன். அன்றைக்கு நான் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான்.

"இதுல நீங்க குறைக்கதுக்கு என்னல இருக்கு?" என்றார்.

டெல்பின் அக்கா கட்டத்தில் 'மே' என்று எழுதினாள். ரெண்டு தரம் அழுத்தி எழுதினாள். தாளை மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தாள். பதினொன்று நாற்பத்தைந்து. ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம்.

அவள் பெடலில் கால் வைத்த பிறகுதான் வெனான்ஸ் அண்ணனுக்கு மூச்சு வந்தது. மானம் போன இடத்தை ஒரு நோட்டம் பார்த்தார். கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்தார், மறுபடி கீழே வைத்தார்.

"மூணு மணி நேரம்தான், சரி. ஆனா அந்த மூணு மணி நேரம் முடியதுக்கு எட்டு நாள் ஆச்சு, தெரியுமா?"

சுடலைமணி வாயைத் திறப்பதற்குள் டெல்பின் அக்கா ஒரு காலைத் தரையில் ஊன்றித் திரும்பினாள்.

"அப்போ என் பன்னெண்டு நாள் லீவு அங்க வெறும் நாலரை மணி நேரந்தானா, அண்ணே?"

"தாராளமா போதும்" என்றார் வெனான்ஸ் அண்ணன். "நான் மூணுலயே முடிச்சவன்."