மூன்றாம் தொட்டி அனுமதிச் சீட்டு

வடமுனையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்று சொல்வதே கொஞ்சம் அதிகம். ஒரு ஓட்டுக் கூரை, ஒரு கிணறு, நாலு பாய், அவ்வளவுதான். அங்கே இருந்தவர் தெய்வானையம்மாள். வயது நாற்பத்தாறு. உப்பளத்தில் பாத்தி மிதித்தவர். ஒருநாள் அதை விட்டுவிட்டு, பேச்சையும் குறைத்துக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் அவரை அம்மா என்றார்கள்.

அவருக்குச் சீடர் நம்பிராஜன். வயது அறுபத்தெட்டு. ஊர் இதைச் சொல்லிச் சிரித்தது. குருவைவிடச் சீடருக்கு இருபத்திரண்டு வயது கூடுதல். அதிலும் சீடர் பெரிய இன்ஜினியர், குரு ஐந்தாம் வகுப்பு. நம்பிராஜன் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார், மூலையில் உட்காருவார், போவார். ஒன்றரை வருடமாக அவர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கேட்டார்.

“அம்மா, ஒரு விஷயத்தை மறக்கணும். அதுக்கு மந்திரம் ஏதாவது உண்டா?”

“எதை மறக்கணும்னு சொன்னாத்தானய்யா தெரியும்?”

நம்பிராஜன் சொன்னார்.

உப்பளத்துக்கு அந்தப் பக்கம் புகைபோக்கி மட்டும் தெரிகிறதே, அந்த அனல்மின் நிலையத்தில்தான் அவர் ஷிப்ட் இன்ஜினியராக இருந்தார். ஊர்க்காரர்களுக்கு அது பவர் ஹவுஸ். மூடி ஒன்பது வருடம் ஆகிறது. அவர் சொன்ன சம்பவம் அதற்கும் இருபது வருடம் முந்தியது.

அங்கே தொட்டிக்குள் ஆள் இறங்க வேண்டுமென்றால் அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டு நகல் எழுதுவார்கள். ஒன்று ஆபீஸ் புத்தகத்தில் இருக்கும். இன்னொன்றைத் தொட்டியின் வாயில் கம்பியால் கட்டித் தொங்கவிடுவார்கள். இறங்கியவர் மேலே ஏறி வந்த பிறகுதான் அதை அவிழ்க்க வேண்டும். சீட்டில் ஒரு வரி உண்டு: ‘உள்ளே காற்று சோதிக்கப்பட்டது.’ பக்கத்தில் ஒரு கட்டம். இன்ஜினியர் நேரில் போய், ஒரு சின்ன மீட்டரைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கிப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

தொட்டிகள் இருந்தது நாலாவது மாடியில். லிப்ட் வாரத்தில் மூன்று நாள் ஓடாது. மீட்டர் ஒரு அலமாரியில் பூட்டிக் கிடந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லா இன்ஜினியர்களும் மேஜையில் உட்கார்ந்தபடியே டிக் அடித்தார்கள். நம்பிராஜனும் அடித்தார். ஒரு டீ ஆறுவதற்குள் ஐந்து சீட்டு முடிந்துவிடும்.

அப்படி ஒரு சீட்டில் டிக் அடித்த நாளில், மூன்றாம் தொட்டியைக் கழுவ மரியசூசை என்ற ஒப்பந்தத் தொழிலாளி இறங்கினார். வெறும் தண்ணீர்த் தொட்டி அது. தண்ணீரை வடித்துவிட்டு எட்டு மாதம் மூடி வைத்திருந்தார்கள். இறங்கியவர் ஏறி வரவில்லை.

“உள்ள விஷ வாயு எதுவும் இல்லம்மா. இரும்பு துருப்பிடிக்கும்போது காத்துல இருக்கிற பிராணவாயுவை அதுவே எடுத்துக்கும். மூடிக் கெடந்த தொட்டியில மிச்சம் இருக்கிறது மூச்சுக்கு ஆகாத காத்து. வாசனை கிடையாது, புகை கிடையாது. ரெண்டு மூச்சுல ஆள் விழுந்துடுவான்.”

“பொறவு?”

“ஆபீஸ் நகலை எரிச்சேன். தொட்டி வாயில கட்டியிருந்ததை நானே போய் அவுத்தேன். அன்னிக்கு நாலு மாடியும் ஓடியே ஏறினேன்மா.”

அம்மா பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அனுமதி வாங்காம, அவசரப்பட்டு அவனாவே இறங்கிட்டான்னு ரிப்போர்ட் எழுதினேன். எல்லாரும் நம்பினாங்க.”

“அவுத்த சீட்டு என்னாச்சு?”

“கிழிக்க மனசு வரல. வீட்டுல வைக்கத் தைரியம் வரல. கன்ட்ரோல் ரூம்ல ஒரு பேனலுக்குப் பின்னால சொருகிட்டு வந்துட்டேன்.”

இத்தனை வருடம் வராத கேள்வி இப்போது ஏன் வந்தது என்று அம்மா கேட்டார். போன வாரம் மீன் மார்க்கெட்டில் மரியசூசையின் மனைவி ரோசலியைப் பார்த்ததாக நம்பிராஜன் சொன்னார். ரோசலியின் மகனுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்கும். பைக்கை முறுக்கிக்கொண்டு கிளம்பினான். ரோசலி நடுச் சந்தையில் நின்று கத்தினாராம்: “ஒங்கப்பன மாதிரி அவசரக்குடுக்கையா போய்ச் சாவாதல! சொன்ன பேச்சு கேட்டிருந்தா அந்த மனுசன் இன்னைக்கு இருந்திருப்பாரு!”

“இருபத்தொன்பது வருஷமா அந்த அம்மா இதைத்தான் சொல்லிட்டிருக்காங்கம்மா. நான் எழுதின பொய்யை, அவங்க வாயால.”

அம்மா எழுந்து கிணற்றில் தண்ணீர் இறைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

“பவர் ஹவுஸை இடிக்கப் போறாகன்னு பேச்சு வந்துச்சே. எப்ப?”

“திங்கக்கிழமை ஆரம்பிக்கிறாங்க.”

“அப்ப நாளைக்குக் காலம்பற போவோம். அந்தச் சீட்டை எடுத்துட்டு வந்துருவோம்.”

“உள்ள ரொம்ப ஆபத்தும்மா. ஒவ்வொரு இடமும் ஒரு குழி.”

“அதான் நீங்க இருக்கீகள்லா?”

மறுநாள் காலையில் போனார்கள். இடிக்கும் ஒப்பந்தக்காரரின் காவலாளி நம்பிராஜனை அடையாளம் கண்டு கேட்டைத் திறந்தான். “சார், உள்ள எது நிக்கிது, எது விழுதுன்னு எங்களுக்கே தெரியாது. பாத்துப் போங்க,” என்றான்.

கேட்டைத் தாண்டியதும் நம்பிராஜன் ஆளே மாறிப்போனார். மடத்து மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த கிழவரைக் காணோம். ஷிப்ட் இன்ஜினியர் முன்னால் நடந்தார்.

“புல்லு மேல நடக்காதீங்க. அடியில கேபிள் பள்ளம் ஓடுது. மூடியெல்லாம் திருட்டுப் போயிருக்கும்.”

அம்மா விலகி நடந்தார்.

“முந்தானையால மூக்கை மூடிக்கோங்க. குழாயில இருந்து உதிருதே, அந்த வெள்ளைப் பொடி ஆஸ்பெஸ்டாஸ். நெஞ்சுக்குள்ள போனா இருபது வருஷம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும்.”

அம்மா மூடிக்கொண்டார்.

கீழ்த்தளத்தில் கறுப்பாக, வழவழப்பாக ஒரு தரை தெரிந்தது. அதைக் குறுக்கே கடந்தால் படிக்கட்டு. அம்மா காலை எடுத்தார்.

“அது தரை இல்லம்மா! தண்ணி. பதினஞ்சு அடி ஆழம். மேல கரித்தூள் படிஞ்சு பாலாடை மாதிரி மூடியிருக்கு.”

நம்பிராஜன் ஒரு செங்கல் துண்டைப் போட்டுக் காட்டினார். தரை அதை விழுங்கியது. கொஞ்ச நேரத்தில் கரித்தூள் மறுபடி கூடிக்கொண்டது, ஒன்றும் நடக்காதது போலத் தரை பழையபடி கிடந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு சுவரோரமாக, நம்பிராஜன் காலடி வைத்த இடத்திலேயே காலடி வைத்து வந்தார்.

படிக்கட்டில் நம்பிராஜன் சொன்னார்: “ஓரத்துல, சட்டத்து மேலயே கால் வைங்க. நடுவுல தகடு இருக்கிற மாதிரித் தெரியும். துரு தின்னு முடிச்சிடுச்சு. இப்ப நிக்கிறது பெயின்ட் மட்டும்தான்.”

“இவ்வளவையும் எப்படிய்யா ஞாபகம் வச்சிருக்கீக?”

“முப்பத்தொரு வருஷம் இருந்தேனேம்மா. எது எங்க ஆளைக் கொல்லும்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்.”

அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பாவம், பழைய பழக்கம்.

இரண்டாவது மாடியில் அவர் நின்றார். “இதுதான் கன்ட்ரோல் ரூம் போற வழி.”

“மூணாம் தொட்டி எங்கன இருக்கு?”

“அது இன்னும் ரெண்டு மாடி மேல. அங்க நமக்கு வேலை இல்லையேம்மா.”

“மொதல்ல அங்க போவோம்.”

நம்பிராஜன் கைப்பிடியைப் பார்த்தார், மேலே பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு ஏறினார். மூன்றாவது மாடியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். நாலாவது மாடிக்கு வந்தபோது அவர் முகம் வேர்த்திருந்தது. படி ஏறியது மட்டும் அதற்குக் காரணம் இல்லை.

தொட்டி நின்றுகொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வட்டமான வாய், அதன் மூடி ஒரு கீலில் தொங்கியது. அம்மா பக்கத்தில் போனார். வாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இருட்டுக்குள் தலையை நீட்டினார்.

நம்பிராஜன் பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தார். குருவை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. இழுத்த வேகத்தில் இருவரும் தடுமாறினார்கள்.

“என்னம்மா செய்றீங்க? அதுக்குள்ள தலையைக் கொடுக்கலாமா?”

“தொறந்துதானய்யா கெடக்கு? காத்து போயிட்டு வந்திருக்கும்லா?”

“எத்தனை வருஷம் தொறந்து கெடந்தா என்ன? சோதிக்காம யாரும் தலையை நீட்டக் கூடாது. அதுதான் ரூல்.”

“இந்த ரூல் அன்னைக்கு உங்களுக்குத் தெரியுமா?”

நம்பிராஜன் அவர் கையை விட்டார்.

“தெரியும்.”

“துரு காத்தைத் திங்கும்ங்கிறது?”

“அதுவும் தெரியும். பரீட்சையில எழுதியிருக்கேன்.”

“மரியசூசைக்குத் தெரியுமா?”

“தெரியாது. அவருக்கு எப்படித் தெரியும்? சீட்டைப் பாத்திருப்பார். டிக் இருந்துச்சு. சிலுவை போட்டுக்கிட்டு இறங்கியிருப்பார்.”

சொல்லிவிட்டு, அந்தத் துருப்பிடித்த தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதார். சத்தம் தொட்டிக்குள் போய்ப் பெரிதாகித் திரும்பி வந்தது. அம்மா அவரைத் தேற்றவில்லை. தூரத்தில் உப்பளத்தில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அழுகை அடங்கும்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு இருவரும் இறங்கி, கன்ட்ரோல் ரூமுக்குப் போனார்கள்.

கதவு இல்லை. உள்ளே கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. நம்பிராஜன் நேராக எதிர்ச் சுவருக்குப் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். ஆள் உயரத்துக்குப் பேனல் இருந்த இடத்தில் போல்ட் போட்ட ஓட்டைகள் நாலு மட்டும் இருந்தன. செம்புக் கம்பி திருட வந்தவர்கள் பேனலையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். பக்கத்துப் பேனலும் இல்லை, அதற்கடுத்ததும் இல்லை.

தாள் செல்லரித்திருக்கும், மை அழிந்திருக்கும் என்றெல்லாம் அவர் நினைத்து வைத்திருந்தார். சுவர் இப்படி வெறுமையாக இருக்கும் என்று நினைக்கவே இல்லை.

“போச்சும்மா,” என்றார்.

அம்மா அவர் முகத்தையே பார்த்தார்.

“வேற என்னய்யா தோணுச்சு?”

நம்பிராஜன் தலையைக் குனிந்துகொண்டார். “பொய் சொல்ல மாட்டேன். சுவரைப் பாத்ததும் ஒரு நிமிஷம்… நிம்மதியா இருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சும்மா. என்ன ஜென்மம் நான்.”

“சரி. இப்ப?”

“இப்ப என்ன செய்ய? கையில சீட்டு இருந்தா அந்த அம்மாகிட்ட நீட்டிடலாம்னு வந்தேன். அது இல்லாம எதைக் காட்டி நம்ப வைப்பேன்?”

“சீட்டைத்தானய்யா தூக்கிட்டுப் போயிட்டானுவ. கையெழுத்துப் போட்டவுக இங்கனதான நிக்கீக?”

நம்பிராஜன் கொஞ்ச நேரம் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நிதானமாகப் பேசினார்.

“சொல்றதுக்கு எனக்குப் பயம் இல்லம்மா. என் மானம் போனாப் போகட்டும். ஆனா அந்த அம்மாவை நெனச்சுப் பாருங்க. இத்தனை வருஷமா செத்த புருஷனைத் திட்டியிருக்காங்க. பிள்ளைங்க முன்னாடி, சந்தையில, எல்லார் முன்னாடியும். இப்பப் போய், அவர் மேல ஒரு தப்பும் இல்லன்னு நான் சொன்னா, அந்த மனசு என்ன பாடுபடும்? அறுபது வயசுக்கு மேல இது எதுக்கு அவங்களுக்கு? ஒண்ணும் தெரியாமலே இருந்துட்டுப் போகட்டுமே.”

நல்ல பேச்சு. இரக்கமும் இருந்தது. படி ஏறும்போதே யோசித்து வைத்திருப்பார் போல.

தெய்வானையம்மாள் மூக்கை மூடியிருந்த முந்தானையை எடுத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

“அவுக வீட்டுக்காரரையும் இப்படித்தானய்யா, ஒண்ணும் தெரியாமலே உள்ள இறக்கிவிட்டீக,” என்றார்.